முச்சந்திக்கு வந்த குருசு

குமரி மாவட்டத்தில் யாரிடமாவது வழி கேட்டுப் பாருங்கள். "நேரா போனா ஒரு குருசடி வரும், அதத் தாண்டி இடப்பக்கம் திரும்புங்க" என்பார்கள். கல்குளம், விளவங்கோடு பக்கம் இந்தக் குருசடி, அதாவது குருசு என்கிற சிலுவை நிற்கும் மேடை, இல்லாத முச்சந்தியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பஸ் நிறுத்தத்துக்கு அதுதான் பெயர். ஆட்டோக்காரர்களுக்கு அதுதான் ஸ்டாண்டு. கட்சிக் கொடிக்கம்பம் நட வருகிறவர்களும் அதன் பக்கத்து இடத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். நாகர்கோவில் வெட்டூர்ணிமடம் அருகே ஓர் ஊர்ப்பகுதிக்குப் பெயரே குருசடி.

பழைய குருசடி ஒன்றைக் கிட்டப் போய்ப் பாருங்கள். இடுப்பளவு மேடை. அதன்மேல் கருங்கல்லில் கொத்திய சிலுவை. அடியில் ஒரு மாடக்குழி, பல தலைமுறை எண்ணெய்ப் புகை படிந்து கறுத்திருக்கும். மெழுகு வழிந்து உறைந்த படி, பூட்டிய காணிக்கைப் பெட்டி, வாடிய பிச்சிப்பூச் சரம். ஓரத்தில், பொட்டலம் பிரித்துக் கொட்டிய ஒரு கைப்பிடி உப்பும் நல்லமிளகும் கிடக்கும். உடம்பு சுகமாக வேண்டி யாரோ நேர்ந்துகொண்டது. வைத்தவருக்கு அது நேர்ச்சை. பழங்கதை தேடுகிறவருக்கோ அது துப்பு. இந்தக் குருசு இங்கே வந்துசேர்ந்த வழி நெடுகிலும் மிளகு சிந்திக் கிடக்கிறது.

சிலுவை முதலில் ரோமர்களின் கொலைக்கருவி. அதனால்தானோ என்னவோ, முதல் மூன்று நூற்றாண்டுக் கிறிஸ்தவர்கள் அதைத் தூக்கிப் பிடிக்கத் தயங்கினார்கள். மீன், நங்கூரம் போன்ற சின்னங்களே அவர்களுக்குப் போதுமாக இருந்தன. 4ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் பேரரசர் அந்த மதத்துக்கு ஆதரவு தந்த பிறகுதான் சிலுவை வெளிச்சத்துக்கு வந்தது. பிறகு அது இரண்டு திசையில் நடந்தது. மேற்கே துறவிகளோடும் அரசர்களோடும் போனது. கிழக்கே வந்தது பெரும்பாலும் வணிகர்களோடு.

6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த காஸ்மாஸ் என்ற வணிகர் இந்தியக் கடல் பற்றி எழுதிவைத்தார். உலகம் ஒரு பெட்டியைப் போலத் தட்டையானது என்று நிறுவப் பக்கம் பக்கமாகப் பாடுபட்ட மனிதர் அவர். ஆனாலும் சந்தைச் செய்தியில் அவரை நம்பலாம். இலங்கையில் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள், மிளகு விளையும் 'மாலே' நாட்டிலும் இருக்கிறார்கள் என்று குறித்திருக்கிறார். பாரசீகத்தோடு தொடர்புடைய இந்தக் கிறிஸ்தவர்கள் விட்டுப்போன சிலுவைகள் கல்லில் தங்கிவிட்டன. சென்னைப் பரங்கிமலையில் 1547இல் போர்ச்சுகீசியர் தோண்டியபோது கிடைத்தது ஒன்று. கோட்டயத்திலும் முட்டுச்சிறையிலும் அதே குடும்பத்துக் கற்கள் உண்டு. சுற்றிலும் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்து, அடியில் விரியும் இதழ்கள், ஏசுவின் உருவம் கிடையாது. 1912இல் அனுராதபுரத்துத் தொல்லியல் அகழ்வில் எழுத்தில்லாத ஓர் உறவுக்காரச் சிலுவையும் கிடைத்தது.

இந்தச் சிலுவைகளின் சொந்தக்காரர்களுக்கு நம் பகுதியில் என்ன வேலை? அதற்கு ஒரு செப்பேடு பதில் சொல்கிறது. கி.பி. 849இல் கொல்லத்தில் இருந்த தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவக் கோயிலுக்கு வேணாட்டு ஆட்சியாளர் அய்யன் அடிகள் திருவடிகள் எழுதிக்கொடுத்தது அது. பள்ளியைக் கட்டியவர் மாருவான் சபீர் ஈசோ. எழுத்து வட்டெழுத்து. சாட்சிக் கையெழுத்துகள் கூபி அரபியிலும் பஹ்லவியிலும் எபிரேய எழுத்திலும் இருக்கின்றன. ஒரே ஏட்டில் ஒரு துறைமுகத்தின் மொத்தக் கூட்டமும் வரிசையில் நிற்கிறது. நமக்கு வேண்டியது அதில் உள்ள ஓர் உரிமை: நகரத்தின் துலாக்கோலும் எடைகளும் பள்ளியின் பொறுப்பில் விடப்பட்டன. எடை பார்க்கும் இடம் சாமிக்குப் பயப்படும் இடமாக இருந்தால் கள்ள நிறுவை குறையும் என்ற கணக்காக இருக்கலாம். பிற்காலத்தில் குமரியின் நாஞ்சில் நாட்டையும் ஆண்டது அந்த வேணாடுதான். அதன் பழைய தலைநகரங்களில் ஒன்றான திருவிதாங்கோட்டில் ஒரு சிறிய கற்கோயில் இன்றும் இருக்கிறது. ஏசுவின் சீடரான தோமையார் கட்டிய ஏழரைப் பள்ளிகளில் அந்த அரைப் பள்ளி இதுவே என்பது ஐதீகம்.

சிலுவையையும் தராசையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் யோசனை ஐரோப்பாவுக்கும் தோன்றியது. அங்கே ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் முற்றத்திலேயே சந்தை கூடிவிடும். கூட்டம் கூடுகிற இடத்தில்தானே கடை போட முடியும்? பாதிரிகளுக்கு இது பொறுக்கவில்லை. 1201இல் பிரான்சிலிருந்து யூஸ்டஸ் என்ற மடாதிபதி இங்கிலாந்து முழுக்கச் சுற்றி, ஞாயிற்றுச் சந்தையை எதிர்த்துப் பிரசங்கம் செய்தார். பல ஊர்கள் சந்தை நாளை மாற்றிக்கொண்டன. (நம் திங்கள்சந்தையும் வெள்ளிச்சந்தையும் கிழமையையே ஊர்ப்பெயராக வைத்துக்கொண்டு நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.) 1285இல் வின்செஸ்டர் சட்டம் கோயில் முற்றத்தில் சந்தையே கூடாது என்று விரட்டிவிட்டது. கடைக்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள். சந்தை நடுவிலும் ஒரு சிலுவைக் கல் நின்றது. அதன் அடியில் விலை பேசினார்கள், அரசாணை படித்தார்கள், உப்பும் வெண்ணெயும் விற்றார்கள்.

இதற்கிடையில் ஒரு விபத்துபோல இன்னொரு வகைச் சிலுவை பிறந்தது. 1290இல் முதலாம் எட்வர்டின் ராணி எலினார் வெளியூரில் இறந்தார். உடலை லண்டனுக்குக் கொண்டுவந்த வழியில் இரவு தங்கிய ஊர்களில் எல்லாம் அரசர் ஒரு கற்சிலுவை எழுப்பினார். மொத்தம் 12. கடைசியாக நின்றது சேரிங் என்ற சிற்றூரில். அந்த இடம் சேரிங் கிராஸ் ஆயிற்று. சிலுவையை 1647இல் இடித்துவிட்டார்கள். பெயரை இடிக்க முடியவில்லை. அது கப்பலேறி ஊட்டிக்கு வந்து, ஒரு சிலுவைகூட இல்லாத நாற்சந்தியில் குடியேறியது. சேரிங்கிராஸில் இறங்கி டீ குடிக்கிற சுற்றுலாப் பயணி, ஏழு நூற்றாண்டுக்கு முந்தைய ஓர் அரசரின் துக்கத்துக்குள் நிற்கிறார்.

ஐரோப்பியக் குருசு நம் மண்ணுக்கு வந்தது போர்ச்சுகீசியரோடு என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் அவர்களுக்கு 150 ஆண்டு முன்பே ஓர் இத்தாலியர் முந்திக்கொண்டார். மரிஞ்ஞொல்லி என்ற பிளாரன்ஸ் நகரத்துத் துறவி, போப்பின் தூதராகச் சீனத்து மங்கோலியப் பேரரசரைப் பார்த்துவிட்டு, 1340களின் பிற்பகுதியில் கடல்வழியே திரும்புகையில் கொல்லத்தில் இறங்கினார். ஓர் ஆண்டுக்கும் மேல் தங்கினார். செலவுக்கு எங்கே போனார்? ஊர்ப்பொதுத் தராசு தோமா கிறிஸ்தவர்கள் கையில் இருந்தது. அந்த வருமானத்திலிருந்து மாதம் 100 பொன் பணம் தனக்குக் கிடைத்தது, கிளம்பும்போது 1000 கிடைத்தது என்று அவரே கணக்கு எழுதியிருக்கிறார். 849ஆம் ஆண்டுச் செப்பேட்டில் கைமாறிய அதே உரிமை, ஐந்நூறு ஆண்டு கழித்தும் மிளகு நிறுத்துப் பணம் ஈட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பணத்தோடு அவர் செய்த காரியம் இன்னும் சுவையானது. சொர்க்கத்துக்கு எதிரே உலகத்தின் ஓரம் என்று அவர் சொல்லும் முனையில், ஒரு பளிங்குத் தூணை நிறுத்தி அதன்மேல் கற்சிலுவை வைத்தார். போப்பின் சின்னமும் தன் குடும்பச் சின்னமும் அதில் பொறிக்கப்பட்டன. எழுத்து லத்தீனிலும் இந்திய லிபியிலும் இருந்தது. எண்ணெய் வார்த்து அபிஷேகம் செய்து, பெருங்கூட்டத்துக்கு முன்னால் புனிதப்படுத்தினார். பிறகு உள்ளூர்த் தலைவர்கள் அவரைப் பல்லக்கில் வைத்துத் தோளில் சுமந்தார்களாம். அலெக்சாந்தரையே மிஞ்சிவிட்டதாக அவருக்குப் பெருமை. அந்த முனை கன்னியாகுமரிதான் என்று ஒரு சாராரும், கொல்லத்துக் கடற்கரை என்று இன்னொரு சாராரும் வாதாடியிருக்கிறார்கள். நாஞ்சில் நாட்டுக்காரனாக நான் எந்தக் கட்சி என்று சொல்லத் தேவையில்லை.

தூண் நட்டுப் பேர் வாங்கும் பழக்கத்தைப் போர்ச்சுகீசியர் ஓர் அரசாங்க வேலையாகவே ஆக்கினார்கள். முதலில் போன மாலுமிகள் மரச்சிலுவை நட்டார்கள். அது மழையில் உளுத்தது. அதனால் கல்லில் செய்து கப்பலில் ஏற்றினார்கள். 'பத்ராவ்' என்று பெயர். 1483 வாக்கில் டியோகோ காவ் காங்கோ ஆற்றுமுகத்தில் ஒன்றை நட்டார். 1486இல் இன்றைய நமீபியக் கரையில் அவர் நட்ட தூணை 1893இல் ஜெர்மானியர் பெயர்த்து எடுத்துக்கொண்டு போக, அதைத் திருப்பித் தருவதாக பெர்லின் அருங்காட்சியகம் 2019இல்தான் ஒப்புக்கொண்டது. வாஸ்கோ ட காமா ஆப்பிரிக்காவின் மாலிந்தியில் நட்ட தூண் கடலோரத்தில் இன்றும் நிற்கிறது. 1498இல் அங்கிருந்துதான் அவர் நேரே கோழிக்கோட்டுக்கு வந்தார், மிளகுக்காக.

அதே காலத்தில் இங்கிலாந்தின் சந்தைச் சிலுவைகளுக்குக் கூரை முளைத்தது. மால்ம்ஸ்பரியில் 1490 வாக்கில் எட்டுமுக மண்டபம் ஒன்று கட்டினார்கள். மழை வந்தால் ஏழை வியாபாரிகள் நனையாமல் நிற்கத்தான் அது என்று அரை நூற்றாண்டுக்குப் பின் அந்த வழியே போன லீலண்ட் என்ற பயணி எழுதிவைத்தார். சிச்செஸ்டரில் 1501இல் ஸ்டோரி என்ற ஆயர் கட்டியதும் ஏழை வியாபாரிகளுக்காகத்தான். அதன் நிழலில் விற்றால் சுங்கம் கிடையாது. சிலுவை உச்சியில் சின்னதாகிவிட்டது, கீழே இருந்த நிழல் பெரிதாகிவிட்டது.

நம்மூரில் அந்த நிழலின் வேலையைச் செய்தது வேறொரு கல். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே போட்டால் சுமைதாங்கி. தலைச்சுமையோடு சந்தைக்கு நடக்கிறவர், இறக்கிவிட ஆள் தேடாமல், குனியாமல், சுமையை அதன்மேல் நகர்த்திவிட்டு மூச்சு வாங்கலாம். பிள்ளைச்சுமையோடு இறந்த பெண்ணின் நினைவாக அதை நடுவார்கள். எலினாருக்கு நட்டதும் வழியோரத்தில்தான், இந்தப் பெயர் தெரியாத தாய்மாருக்கு நட்டதும் வழியோரத்தில்தான். எனக்கு நம்முடையதே உசத்தியாகப் படுகிறது. மால்ம்ஸ்பரி மண்டபத்துக்கு மழை வரவேண்டும். சுமைதாங்கிக்கு ஒவ்வொரு சந்தை நாளும் வேலை இருந்தது.

குருசுக்கு வருவோம். போர்ச்சுகீசியரின் சொந்த ஊர்களில் சதுக்கத்துக்குச் சதுக்கம் ஒரு கற்றூண் உண்டு. குற்றவாளியைக் கட்டிவைத்துத் தண்டிக்கும் தூண் அது; ஊருக்குத் தன்னாட்சி இருப்பதன் அடையாளமும் அதுவே. பழைய கோவாவில் அவர்கள் நட்டதற்கு உள்ளூர் மக்கள் 'கை வெட்டும் தூண்' என்று பெயர் வைத்தார்கள். வழிச்சந்திகளில் சிலுவை நடுவதும் அவர்கள் ஊர்ப் பழக்கம்தான். இரண்டில் சிலுவையை மட்டும் நம் கடற்கரை எடுத்துக்கொண்டது. மணப்பாட்டில் 1540 வாக்கில் புயலில் தப்பிய ஒரு கப்பல் தலைவன், உடைந்த பாய்மரத்தில் சிலுவை செய்து குன்றில் நட்டான் என்பது ஊர் சொல்லும் வரலாறு. 1542இல் கிறிஸ்தவத் துறவி சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1544 கடைசியில் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஊர் ஊராக நடந்தார். ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக 1545 ஜனவரியில் கொச்சியிலிருந்து கடிதம் எழுதினார். அத்தனை ஊருக்கும் கோயில் கட்டப் பணமும் ஆளும் எங்கே? சிலுவை நட்டால் போதும், ஜெபம் சொல்ல ஓர் இடம் கிடைத்துவிடும். படையெடுத்து வந்த வடுகர்களைக் கையில் சிலுவையோடு சவேரியார் தடுத்து நிறுத்தினார் என்ற கதை கோட்டாற்றில் இன்றும் உலவுகிறது. அவர் திருநாளான டிசம்பர் 3 மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை.

நட்டவர்கள் ஐரோப்பியராக இருக்கலாம். கொத்தியவர்கள் நம்மூர்க் கல்தச்சர்கள். அவர்கள் இந்துக் கோயில்களில் படித்த பாடத்தை இங்கேயும் எழுதினார்கள். பீடத்தில் தாமரை வந்தது, மாடக்குழி வந்தது, அதில் எண்ணெய் விளக்கு வந்தது. கோயிலுக்கு முன்னால் கொடிமரம் நின்றது, திருவிழாவுக்குக் கொடியேற்று வந்தது, தேரும் வந்தது. மலையாளக் கரைப் பள்ளிகளின் முற்றத்துக் கற்குருசுகளில் விளக்கு வரிசை வைக்க இடம் விட்டிருப்பதைப் பார்த்தால், தீபஸ்தம்பத்துக்கும் அதற்கும் உள்ள உறவு விளங்கிவிடும்.

இங்கே குருசு பெருகிக்கொண்டிருந்தபோது இங்கிலாந்தில் அதை உடைத்துக்கொண்டிருந்தார்கள். சிலுவையும் விக்கிரகம்தான் என்றனர் பியூரிட்டன் சீர்திருத்தக்காரர்கள். 1600இல் பான்பரியின் சந்தைச் சிலுவை விழுந்தது. 1643இல் லண்டன் சீப்சைடில் எலினாரின் சிலுவை விழுந்தது. அதே சீர்திருத்தக் கிறிஸ்தவத்தைச் சேர்ந்த டச்சுக்காரர்கள் 1661இல் கொல்லத்தையும் 1663இல் கொச்சியையும் பிடித்தார்கள். குமரிக் கரை அவர்கள் கைக்குப் போகவில்லை. 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றார்கள். அந்த வெற்றிக்கும் குளச்சலில் ஒரு கற்றூண்தான் நின்றது. சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாய் கத்தோலிக்கர். திருவிதாங்கூர்ப் படைக்கே அவர் தளபதியானார். அவரிடம் பழகிய நட்டாலத்து நீலகண்டப் பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தபோது குருசு இல்லாத கிறிஸ்தவம் வந்தது. அவரை அனுப்பிய லண்டன் மிஷனில் பெரும்பாலோர் அந்தச் சிலுவை உடைத்தவர்களின் வழித்தோன்றல்கள். 1809இல் மயிலாடியில் ஆலயம், 1819இல் நாகர்கோவிலில் அடிக்கல் நாட்டிய பெரிய ஆலயம் என்று கட்டினார்கள். பள்ளிக்கூடமும் அச்சகமும் வைத்தார்கள். வழியோரத்தில் குருசு நடவில்லை. இன்றைக்கும் முச்சந்திக் குருசடி என்றால் அது பெரும்பாலும் கத்தோலிக்கருடையதாக இருப்பதற்கு லண்டன் தெருச்சண்டை ஒரு காரணம் என்பது விசித்திரமாகத்தான் இருக்கிறது. அந்த மிஷன் வழிவந்த சி.எஸ்.ஐ. ஆலயக் கோபுரங்களில் இரவு முழுக்க எரிகிற நியான் சிலுவையை அந்தப் பியூரிட்டன் தாத்தாக்கள் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ!

அவர்கள் உடைத்த பான்பரிச் சிலுவையை 1859இல் மறுபடி கட்டினார்கள், விக்டோரியா ராணியின் மகள் கல்யாணத்தைக் கொண்டாட. அதே ஆண்டு தொடக்கத்தில் தென் திருவிதாங்கூர்ச் சந்தைகளில் மேல்சாதிக்காரர்கள் நாடார் பெண்களின் மேலாடையைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். சந்தை எல்லோருக்கும் பொது என்ற பேச்சு எவ்வளவு தூரம் நிஜம் என்பதை அந்தப் பெண்கள் காட்டினார்கள். ஜூலை 26 அன்று மேலாடை அணிய அரசாணை வந்தது, மேல்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் கூடாது என்ற நிபந்தனையோடு. அதற்கு முன்பே, 1851இல் மறைந்த சமயச் சீர்திருத்தவாதி வைகுண்டசாமியின் வழி வந்தவர்கள் ஊர்தோறும் நிழல்தாங்கல்கள் வைத்து, சாதி பாராமல் கூடி உண்ண இடம் செய்திருந்தார்கள். நாஞ்சில் நாட்டு வழியோரத்தில் யார் நிற்கலாம் என்ற கேள்விக்குச் சிலுவையும் தாங்கலும் தத்தம் வழியில் பதில் சொன்னபடி பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

அப்புறம் நடந்தது வேகமானது. 1858இல் பிரான்சின் லூர்து நகரில் மாதா காட்சி தந்த செய்தி பரவ, குருசடிக்குப் பக்கத்தில் மாதா குகைகளான கெபிகள் எழுந்தன. அந்தோனியாருக்கு ஒரு குருசடி, சவேரியாருக்கு ஒன்று, தேவசகாயத்துக்கு ஒன்று. வெளிநாட்டில் வேலை பார்த்தவர்கள் அனுப்பிய பணத்தில் கண்ணாடிக் கூண்டும் கிரானைட் படியும் வந்தன. கல்வேலை இன்னும் கைவிட்டுப் போகவில்லை. குருசில்லாத கிறிஸ்தவம் வந்திறங்கிய அதே மயிலாடி, கல்தச்சர்களின் ஊர். அதன் கற்சிற்பங்களுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

2009 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் பொதுச் சாலை, பூங்கா போன்ற இடங்களில் இனி எந்த மதத்தின் கட்டடமும் அனுமதியின்றி எழக்கூடாது என்று உத்தரவிட்டது. ஆகவே பொது முச்சந்திகளில் இப்போது இருக்கும் பழைய கற்குருசுகளோடு கணக்கு அநேகமாக முடிந்தது. அவற்றுக்குச் சட்டத்தை விடப் பெரிய ஆபத்து நம் அன்புதான். திருவிழாவுக்கு மாதம் ஒன்று இருக்கும்போது எனாமல் பெயிண்டும் பளபள டைல்சும் வந்து இறங்கும். பங்குப் பேரவைக்காரர்களே, ஒரு வேண்டுகோள்: டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் அந்தக் கல்லை நாலு பக்கமும் படம் எடுத்து, உயரம் அகலம் அளந்து, எழுத்து ஏதாவது இருந்தால் படி எடுத்துக் கோயில் பதிவேட்டில் வையுங்கள். முடிந்தால் டைல்சை மேடையோடு நிறுத்திக்கொண்டு, கல்லைக் கல்லாக விடுங்கள்.